காட்டு விலங்கால் வன்னிக்கு என்ன பிரயோசனம்?

கேள்வி: 2025 மார்ச் 15, காலை 9.20

இன்று காலை 8.00 மணியிலிருந்து 8.05 வரை இலங்கை முழுக்கக் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாம் எண்ணினோம் அல்லவா? எங்கள் வளவில் மயில் 11. பக்கத்து வளவுக்காரரும் 11 என்றுதான் எழுதினார். இரண்டும் ஒரே 11. வேலிக்கு மேலால் போய் வந்ததை நானே பார்த்தேன். அது கிடக்கட்டும். இந்தக் காலபோகத்தில் அரை ஏக்கர் கச்சான் பன்றியோடு போய்விட்டது. யாரிடம் சொன்னாலும் "விலங்கு இல்லாவிட்டால் சமநிலை குலைந்துவிடும்" என்கிறார்கள். சமநிலை என்ற சொல்லைப் பாவிக்காமல், ஒரு விலங்கின் பெயரைச் சொல்லி, முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலுக்குக் கீழே இருக்கும் என் வயலுக்கு அது செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: மார்ச் 15, இரவு 8.45

சாரைப்பாம்பு.

மார்ச் 15, இரவு 9.30

கரண்ட் போய்விட்டது, அதனால்தான் ஒற்றைச் சொல்.

எங்கள் வீட்டு வைக்கோல் போரடியில் ஒரு சாரை இருந்தது. ஆறடிக்குக் குறையாது. அம்மா அதில் கை வைக்க விடமாட்டா. எனக்கு வேலை கிடைத்து முதல் லீவில் வந்தபோது, படித்தவன் வீட்டில் பாம்பு வளர்ப்பதா என்று மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கொன்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போகம் அறையில் அடுக்கிய நெல் மூட்டைகளில் ஓட்டை இல்லாத மூட்டை ஒன்றுகூட இல்லை. எலி மூன்று கிழமை சினை. ஒரு ஈற்றில் ஆறு எட்டுக் குட்டி. அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாங்களும் போடத் தொடங்கிவிடும். பூனை வாங்கி விட்டோம். அது பால் குடித்துவிட்டு அடுப்படியில் படுத்துக்கொண்டது.

எலி நெல்லோடு மட்டும் நிற்பதில்லை. அது மூத்திரம் பெய்த வயல் தண்ணீரில் காலில் கீறலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஊருக்கு ஊர் சாரை இருந்திருந்தால் காய்ச்சல் வந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. எலியைத் தின்னும் ஒன்றை அடித்துவிட்டு எலிக்குப் பயப்பட்டவன் நான் என்று மட்டும் சொல்கிறேன்.

மார்ச் 16, காலை

"சாரை நல்லபாம்புக்குப் புருஷன், அதை விட்டால் மற்றதும் வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு இனம். இரண்டு சாரை பின்னிப் பிணைந்து எழும்பி நிற்கிறதைப் பார்த்துப் பிறந்த கதை இது. அப்படி நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண்கள், மல்லுக்கட்டுகின்றன. பிணையும் பாம்பின் மேல் வேட்டியை எறிந்து எடுத்து வைத்தால் செல்வம் வரும் என்று என் சித்தப்பா எறிந்தார். வேட்டி போனதுதான் மிச்சம்.

மார்ச் 16, இரவு

வயலுக்குச் செய்த வேலை என்று தம்பி கேட்டதால் என் இன்னொரு பிழையையும் சொல்லவேண்டியிருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். அறக்கொட்டி (நெல்லின் சாறு உறிஞ்சும் கபிலநிறத் தத்தி) என்று யாராவது வந்து நின்றால், எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர் என்று கடதாசியில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கமக்காரர் அடிப்பார். ஒரு கிழமை வயல் அமைதியாக இருக்கும். பிறகு நடு வயலில் வட்டம் வட்டமாக நெருப்பு வைத்ததுபோல் காயும். திரும்ப வருவார். நான் வேறு மருந்து எழுதுவேன்.

நடந்தது என்னவென்றால், அறக்கொட்டி முட்டையைத் தண்டுக்குள்ளே செருகி வைக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. ஆனால் நெல்லின் அடியில் தண்ணீருக்கு மேலே ஓடித் திரிகிற ஓநாய்ச் சிலந்தியை அது முதல் நாளே கொன்றுவிடும். அந்தச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்தி வரை தின்னக்கூடியது. வலை கட்டாது, துரத்திப் பிடிக்கும். ஆக முட்டை பொரித்துக் குஞ்சு வெளியே வரும்போது வயலில் காவல் இல்லை. நானே காவலைக் கொன்று கள்ளனுக்குக் கதவு திறந்துவிட்டேன்.

இது பிலிப்பீன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எப்போதோ கண்டுபிடித்த விஷயம். இந்தோனேசியாவில் இதை வைத்துத்தான் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே கட்டளையில் தடை செய்தார்கள். நான் அதை வாசித்தது ஓய்வு பெற்ற பிறகு. 2021இல் இங்கே இரசாயனத்தை ஒரே இரவில் நிறுத்திய கூத்தை இதோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். அங்கே கமக்காரருக்குச் சிலந்தியை எண்ணப் பழக்கினார்கள். இங்கே யூரியாவுக்கு வரிசையில் நிற்கப் பழக்கினார்கள்.

மார்ச் 17

"சிலந்தி எல்லாம் விலங்கா?" என்று கேட்டவருக்கு: எட்டுக் கால் இருக்கிறது. உங்கள் பன்றியைவிட நாலு கூட.

மார்ச் 21

சரி, பன்றிக்கு வருவோம். தம்பி விடமாட்டார் போலிருக்கிறது.

பன்றியைத் தின்ன எங்கள் காட்டில் இருப்பது சிறுத்தை. ஊரில் புலி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு பாரமும் இருப்பதால் சிறுத்தை என்றே எழுதுகிறேன். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒன்று குடிமனைக்குள் வந்து பலரைக் காயப்படுத்தியது. சனம் அடித்துக் கொன்றது. தூக்கிப் பிடித்துப் படமும் எடுத்தார்கள், அந்தப் படம் நாடெல்லாம் போனது. அடித்தவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. அந்த இடத்தில் நான் இல்லை, என் பிள்ளையும் இல்லை.

சிறுத்தையை விடுங்கள், நான் வாழ்நாளில் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். நரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. சின்ன வயதில் விளக்கு வைக்கிற நேரம் குளத்து அலைகரைப் பக்கம் ஒன்று தொடங்கும்; அக்கரையில் இன்னொன்று எடுக்கும்; பிறகு பத்துப் பதினைந்து. அம்மம்மா அதை வைத்துத்தான் எங்களுக்குச் சோறு தீத்துவா. நரி செத்தது தின்னும், வயல் நண்டு தின்னும், எலி தின்னும், மயில் முட்டை கண்டால் விடாது, பன்றிக் குட்டி தனித்தால் அதையும் விடாது. நாவல் பழமும் இலந்தைப் பழமும் தின்று கொட்டையைக் கொண்டுபோய் எங்காவது போடும்.

போரால் இடம்பெயர்ந்து 2010இல் திரும்பி வந்து எங்கள் காணியில் தறப்பாள் கொட்டில் போட்டுப் படுத்த முதல் இரவு, ஏதோ ஒன்று குறைகிறது என்று நித்திரை வரவில்லை. குறைய எவ்வளவோ இருந்தது, வீடு, கிணறு, ஆட்கள். ஆனால் காதுக்குக் குறைந்தது நரி ஊளை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அது புரிந்தது.

என் கணக்கு இதுதான்: நரியும் சிறுத்தையும் குறைந்த இடத்தில் பன்றியும் மயிலும் கூடும்.

மார்ச் 22

நேற்று எழுதியதைக் காலையில் வாசித்தால் வெட்கமாக இருக்கிறது. கணக்கு அப்படிச் சுலபமாக முடியாது.

சிறுத்தை அதிகம் அடிப்பது மானை. வளர்ந்த தாட்டான் பன்றியோடு மோத அதற்கும் யோசனைதான். பன்றி கூடியதற்கு நாங்கள்தான் பெரிய காரணம். ஊர் இல்லாத வருடங்களில் வயல் பற்றையானது; பற்றை பன்றிக்கு வீடு. பிறகு நாங்கள் வந்து அந்த வீட்டு வாசலில் கச்சான் போட்டோம். மயிலும் அப்படித்தான். அது அடர்காட்டுக்குள் வாழ்கிற பறவை அல்ல. வெட்டவெளியும் பக்கத்தில் பற்றையும் வேண்டும். காட்டை வெட்டி அதற்கு முற்றம் கூட்டிக் கொடுத்தது யார்? நரி குறைந்ததும் ஒரு கை கொடுத்திருக்கும். எல்லாவற்றையும் நரியின் தலையில் கட்டினால் அது பஞ்சதந்திரக் கதைக்குத்தான் சரி.

இன்னொன்று. காட்டுக்குள் பன்றி கிளறிய இடத்தை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். இறுகிய நிலம் பொலபொலத்து, அதில்தான் முதலில் முளை வரும். மண்ணுக்குள் கிடக்கும் வண்டுப் புழுக்களையும் தின்றுவிடும். அதே மூக்கு கச்சானுக்குள் வந்தால் கதை வேறு. தம்பிக்கு நட்டஈடு தர என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு மட்டும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதில் முழங்கால் போனவர் பன்றி அல்ல, விறகுக்குப் போன மனிதர். வாய்வெடியும் அப்படித்தான், பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று கடித்தால், தாடை சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகும்.

ஏப்ரல் 3

குளக்கட்டடியில் ஒரு பசு செத்துக் கிடந்தது. யாருடையது என்று தெரியவில்லை, குறி சுட்ட இடம் தெளிவில்லை. நான் காலையும் மாலையும் அந்தப் பக்கம் நடப்பதால் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் காகம், கண்ணில் தொடங்கியது. இரண்டாம் நாள் நாய்கள். பிறகு உடும்பு மாதிரிப் பெரிதாக ஒன்று, கபரக்கொய்யா, வயிற்றுக்குள் தலையை விட்டது. பன்றியும் வந்திருக்கிறது, கால்தடம் கிடந்தது. ஒரு கிழமையில் தோலும் எலும்பும். அந்த மாட்டைப் புதைக்க யாருக்கும் கூலி கொடுக்கவில்லை.

இலங்கையில் பிணந்தின்னிக் கழுகு குடியிருக்கிறதில்லை. இந்தியாவில் இருந்தது, கோடிக் கணக்கில். மாட்டுக்கு நோவு மருந்தாக டைக்குளோஃபெனக் கொடுத்தார்கள். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகிச் செத்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது. 2006இல்தான் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கழுகு விட்ட இறைச்சியை நாய் தின்றது, நாய் பெருகியது, விசர்நாய்க்கடி பின்னால் வந்தது. நரி போன இடத்தில் எங்கள் குளக்கட்டு நாய்களைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வருகிறது. அந்த நாய்களில் ஒன்று நேற்று என்னையும் துரத்தியது.

ஏப்ரல் 14

புதுவருடம். பேரன் கைவிசேஷத்தை வாங்கி வைத்துக்கொண்டு மயில் எண்ணினான். மூன்று என்றான். வேலிக்கு அப்பால் போனதை எண்ணவில்லையாம். திணைக்களத்தில் சேர்க்கலாம்.

ஜூன் 29

பாலைப்பழக் காலம். ஏ9 வீதி ஓரத்தில் வாளியில் வைத்து விற்கிறார்கள். பழம் சின்னது, மஞ்சள், தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். சிறு பிள்ளையில் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு ஊமை விளையாடியது உண்டு.

காட்டுக்குள் பழம் பொறுக்கப் போகிறவர்கள் யானையைவிடக் கரடிக்குத்தான் பயப்படுவார்கள். யானை வருவது தெரியும், வழி விடலாம். கரடி மரத்தில் இருக்கும். இறங்கி வரும்போது நீங்கள் கீழே நிற்பீர்கள். என் பெரியப்பாவின் முகத்தில் இடது கன்னத்தில் அதன் நகம் போட்ட கோடு சாகும்வரை இருந்தது. அவர்தான் எனக்குக் கரடி எச்சத்தைக் குச்சியால் கிளறிக் காட்டியவர். ஒரே கொட்டை. கறுத்து, பளபளத்து, கழுவி வைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் பாலைக் கொட்டை. "இவர்தான் காட்டுக்குத் தோட்டக்காரர்" என்றார். தன் கன்னத்தைக் கீறிய ஒன்றை அவர் ஏன் "இவர்" என்றார் என்று அப்போது கேட்கவில்லை.

மற்ற மாதங்களில் கரடிக்குக் கறையான் புற்றுத்தான் சோறு. மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. அந்த இடைவெளியால் உறிஞ்சும். இரவில் அந்தச் சத்தம் தூரத்துக்குக் கேட்கும், பழைய தண்ணீர்ப் பம்பி காற்று இழுக்கிற மாதிரி. கரடி உடைத்த புற்றுக்குள் பிறகு உடும்பு இருக்கும், பாம்பு இருக்கும்.

இப்போது நான் பார்க்கிற ஒன்று: கோயிலடியில் நிற்கும் கிழட்டுப் பாலைக்குக் கீழே ஆயிரம் கொட்டை விழுகிறது, தப்பி நிற்கும் கன்று ஒன்றுமில்லை. தாய்மர நிழலும், மாடு மிதிப்பதும், கூட்டுகிறதும். காட்டுப் பாதையில் அரை மைல் தள்ளி, பாலை மரமே இல்லாத இடத்தில், இரண்டு கன்று நிற்கிறது. யார் கொண்டுபோனது என்று தெரியாது. கரடியாக இருக்கலாம், மரநாயாக இருக்கலாம், மந்தியாகவும் இருக்கலாம். நான் இல்லை.

ஜூலை 2, காலை

பழம் என்றதும் ஒருவர் "வேழம் உண்ட விளாங்கனி" என்ற பழமொழியை இழுத்துவிட்டார். யானை விளாம்பழத்தை முழுதாக விழுங்கும், உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கோதை உடையாமல் வெளியே விடும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். நம்பி யானை லத்தியைத் தேடித் தேடிப் பார்த்தவன் நான். முழுக் கோது ஒருநாளும் காணவில்லை. கோதுத் துண்டும் விதையும்தான். அந்த விதை மழை பட்டால் லத்தியிலேயே முளைக்கிறது. எரு, ஈரம், விதை எல்லாம் ஒரே பொதியில்.

ஜூலை 2, மதியம்

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் தொலைபேசி எடுத்து ஏசினார். அங்கே வேழம் என்பது யானை இல்லையாம், விளாம்பழத்துக்கு வருகிற ஒரு நோயின் பெயராம். அது வந்தால் வெளியே பழம் மாதிரி இருந்து உள்ளே ஒன்றும் இராதாம். அப்படி ஒரு உரை இருப்பது உண்மைதான். ஐம்பது வருடம் லத்தி கிளறியது வீண் என்றாரா, இல்லை என்றாரா என்று புரியவில்லை.

வீண் இல்லை. லத்திக்குள் வேறு ஒன்று கண்டேன்: தவளை. பொய் என்பவர்களுக்கு, இலங்கையின் தென்கிழக்கில் ஒரு ஆய்வாளர் இதையே பார்த்து 2009இல் எழுதியிருக்கிறார், மூன்று இனத் தவளைகள். கோடையில் நிலம் வெடிக்கும்போது அந்த ஈரத்துக்குள் போய் இருக்கிறது.

ஜூலை 20

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, "தவளைக்கு வீடு கொடுத்தது சரி, என் மச்சானின் நாற்பது தென்னம்பிள்ளைக்கு யார் பதில்?" என்கிறார். அவர் கோபப்படாமல் எழுதியிருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு யானை நாளைக்கு 150 கிலோ அளவில் தின்னும். அது நடந்த பழைய பாதையில் மின்வேலியும் குடியேற்றமும் வந்தால் 150 கிலோவையும் வேலிக்கு வெளியே தேடும். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானை. 2023இல் மட்டும் 470க்கு மேல் செத்தது, மனிதரும் 150க்கு மேல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விதை பரப்புகிறது, பாதை திறக்கிறது என்று ஒரு கமக்காரருக்கு முன்னால் பேச முடியாது. அந்த விதை முளைத்து மரமாகிற காலத்துக்கு அவருடைய வங்கிக் கடன் காத்திருக்காது.

நான் மார்ச்சில் விட்ட பிழை இங்கேதான் என்று நினைக்கிறேன். பிரயோசனம் கேட்டார், பிரயோசனம் சொன்னேன். சாரை எலி தின்பது எனக்காக அல்ல. அது எனக்கு உதவுகிற விலங்கு என்றால், தென்னை தின்கிற யானை உதவாத விலங்கு என்று அடுத்த வரி தானாக வந்துவிடும். யானைக்குத் தென்னை வேறு, காட்டு வீரை மரம் வேறு என்று தெரியாது. அதை எப்படி எழுதியிருக்கவேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை.

செப்டெம்பர் 7

குளம் வற்றிவிட்டது. துருசடியில், அதாவது மதகடியில், ஒரு சேற்றுக் குட்டை, அதைச் சுற்றி நாரையும் கூழைக்கடாவும் கல்யாண வீடு மாதிரி.

முந்தி குளத்துப் படுகையில் எருமை உழக்கிய பள்ளங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். குளம் வற்றினாலும் அதில் தண்ணீர் நிற்கும். விராலும் பனையேறியும் அதில் கோடையைக் கழித்துவிட்டு மாரிக்கு வாய்க்கால் வழியாக வயலுக்கு ஏறும். நுளம்புக் குடம்பியைத் தின்பது அந்த மீன்களின் குஞ்சுகள்தான். ட்ரக்டர் வந்தது, எருமை போனது, பள்ளம் தூர்ந்தது. 1952இல் நாட்டுக்குக் கொண்டுவந்த திலாப்பியா குளத்தில் நிறைய இருக்கிறது, கறிக்குக் குறையில்லை. ஆனால் வயல் வாய்க்காலில் தூண்டில் போட்டு விரால் பிடித்த கதையைப் பேரன் நம்பமாட்டேன் என்கிறான்.

எருமை வீட்டு மாடுதானே, காட்டு விலங்கா என்று கேட்பீர்கள். இடம்பெயர்ந்தபோது அவிழ்த்து விட்ட மாடுகளில் எத்தனை இப்போது குழுவன் மாடாகக் காட்டுக்குள் நிற்கிறது என்று முத்தையன்கட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்கள். அவையும் எங்காவது உழக்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஒக்டோபர் 12

முதல் மழை. விதைப்புக்கு உழுகிறார்கள், ட்ரக்டருக்குப் பின்னால் கொக்கு நடக்கிறது. தம்பி தனிச்செய்தி போட்டிருந்தார்: இந்த முறை கச்சானை வளவுக்குள்ளே போட்டுவிட்டு, காட்டோரத் துண்டில் எள் விதைக்கப் போகிறாராம். பன்றி எள்ளைப் பெரிதாகத் தொடாது என்று அவருடைய மாமா சொன்னாராம். எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும், போதனாசிரியர் என்று பெயர் வேறு.

நேற்றிரவு இரண்டு மணிக்கு எழும்பி இருந்தேன். அலைகரைப் பக்கம் ஒரு ஊளை. ஒன்றுதான், அக்கரையில் யாரும் எடுக்கவில்லை. மனைவியை எழுப்பினேன். "கடைக்காரரின் நாய், படுங்கோ" என்றா. விடியப் போய் ஈர வரம்பில் தடம் பார்த்தேன். சின்னது, நீளவாட்டு, நேர்கோட்டில் ஒன்றன் பின் ஒன்றாகப் போயிருக்கிறது. கடைக்காரரின் நாய்க்கு நொண்டிக்கால். போனில் படம் எடுத்தேன், வெளிச்சம் போதவில்லை. நாளைக்கும் போய்ப் பார்க்கிறேன்.